தாய்மாமன் நெற்றியில் போட்ட ஊசி

ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிட வேண்டும் என்பதை நம் ஊரில் யாரும் கேள்வி கேட்டதில்லை. ‘தேய்க்காட்டி கட்டிக்கிரும்’ என்று நர்சம்மா பஞ்சைக் கையில் திணிப்பார், நாமும் தேய்ப்போம். அந்த ஞானத்தை நெற்றிக்கும் பயன்படுத்தியதில்தான் என் மானம் போனது.

இருபது வருசத்துக்கு முன்னால் அக்கா மகள் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். அவளே விரும்பிய பையன். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் பிள்ளை பாதியாகிவிட்டாள். நான் ஒரே தாய்மாமன். கல்யாண ஃப்ளெக்ஸில் என் முகம் ஆளுயரத்துக்கு நிற்கப்போகிறது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி, பிள்ளைகளை முறைத்து முறைத்து என் நெற்றி உழுத வயலாகிக் கிடந்தது. (அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு சுருக்கம் கிடையாது. அந்த வயிற்றெரிச்சலும் உண்டு.)

கே.கே. நகரில் சுருக்கம் போக ஊசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் போனேன்.

“இது தசையத் தளர்த்துற மருந்து சார். இன்னைக்கு நெத்தியத் தேய்க்கவே கூடாது. தேய்ச்சா வேற எடத்துக்குப் போயிரும்” என்றார் டாக்டரம்மா.

பலமாகத் தலையாட்டிவிட்டு நேராக வில்லாபுரம் சலூனுக்குப் போனேன்.

“அண்ணே, நெத்தில ஊசி போட்ருக்கேன். கட்டிக்கிறாம நல்லாத் தேச்சு விடுங்க.”

“நெத்தியிலயா? எந்த நாய் வாத்தியாரே அங்க போயி கடிச்சுச்சு?” என்றபடி அவர் புரோட்டா மாவைப் பிசைவது போலப் பிசைந்தார். எனக்குச் சுகமாகத் தூக்கம் வந்துவிட்டது.

சில நாளில் நெற்றி வழவழவென்று ஆனது. கூடவே இடது இமை பாதிக்கு இறங்கியது, வலது புருவம் மேலே ஏறி நின்றுகொண்டது. யார் எதைச் சொன்னாலும் ‘ஓகோ, இதை நான் நம்பணுமாக்கும்?’ என்று கேட்கிற முகம். தானாகச் சரியாகும், ஆனால் மாதக்கணக்காகும் என்றார் டாக்டரம்மா. மறுநாள் நிச்சயதார்த்தம். மனைவி செல்வியிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, வெளியே சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கினேன்.

கோச்சடையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தாய்மாமன் என்று என்னை நடுவில் உட்கார வைத்தார்கள்.

“பையனுக்கு பெர்மனென்ட் வேலைங்க” என்று ஆரம்பித்தார் பையனின் அப்பா. நான் பார்த்தேன். அவர் தோள் துண்டைச் சரிசெய்தார். “அதாவது... ஆயிரும்னு சொல்லியிருக்காக.”

நான் சிரிக்கப் பார்த்தேன். புருவம் இன்னும் ஏறியது.

“சிகரெட்ட விட்டுட்டான் தம்பி, ஆத்தா மேல சத்தியமா!” என்றார் பையனின் அம்மா. சிகரெட்டைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

“காலேஜ்ல அரியர் இருந்துச்சு மாமா” என்றான் பையன்.

மூலையில் இருந்த பையனின் பெரியப்பாவை நான் தற்செயலாகத்தான் திரும்பிப் பார்த்தேன். “சரி மாப்ள, விக்குதான்” என்று முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பையனின் அப்பா துண்டை உதறி எழுந்தார். “இம்புட்டு சந்தேகப்படுற எடத்துல சம்பந்தம் வேணாங்க. நாங்க வாரோம்.”

கவிதா வாசலை மறித்து ஓவென்று அழுதாள். “மாமா, உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? ஏன் இப்படிப் பாக்குறீங்க?” என் உயிரே போய்விட்டது. அந்த நேரத்திலும் என் முகம் அவளைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது.

செல்வி சத்தியத்தைக் காற்றில் பறக்கவிட்டாள். “அய்யோ, அவரு யாரையும் சந்தேகப்படலங்க! சுருக்கம் போறதுக்கு மூஞ்சில ஊசி போட்டு, அதச் சலூன்ல குடுத்துத் தேச்சுட்டு வந்துருக்காரு!”

முதலில் சிரித்தவர் பையனின் அப்பா. அப்புறம் அழுதுகொண்டிருந்த கவிதாவே சிரித்துவிட்டாள். தட்டு மாற்றினார்கள். பெரியப்பா மட்டும் கடைசிவரை சமாதானமாகவில்லை. “இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் முடியோட வீட்டுக்குப் போயிருப்பேனே மாப்ள” என்றார்.

இமையும் புருவமும் பழையபடி ஆகிவிட்டன, சுருக்கமும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் கவிதா வீட்டுக்காரர் நேரங்கழித்து வந்தால் இன்றைக்கும் ஒரே கேள்விதான்: “நீங்களாச் சொல்றீங்களா, மாமாவக் கூட்டியாந்து உக்கார வைக்கவா?”

முகம் சரியாவதற்குள் கல்யாணம் வந்துவிட்டதால், அவர்கள் ஆல்பத்தில் எல்லோரும் சிரிக்க, நான் மட்டும் கேமராவில் ஃபிலிம் இருக்கிறதா என்று சந்தேகப்படுவது போல நிற்பேன். முகூர்த்தத்துக்கு முன்னால் போட்டோகிராபர் என்னைத் தனியே கூப்பிட்டு, “சார், மொத ரோலு மாட்ட மறந்துட்டேன், வெளிய சொல்லிறாதீங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.