வேடியப்பன் விட்ட நரி

வேர்க்கடலை காய் பிடிக்கும் நேரம் பார்த்து மயில்கள் இறங்கிவிட்டன. முருகன் வாகனத்தின் மேல் கல்லெறிய வேடியப்பனுக்குக் கை வரவில்லை. எறிந்தால் வனத்துறை வேறு சும்மா விடாது. வருஷத்துச் சாப்பாடே அந்த அரை ஏக்கர்தான்.

"முன்னெல்லாம் நரி இருந்துச்சு, மயிலு முட்டைய தின்னுட்டுப் போய்டும். இப்ப நரி ஏது? அதான் இந்த ஆட்டம் ஆடுது," என்றாள் மனைவி மாணிக்கம்மாள்.

அவள் பேச்சுவாக்கில்தான் சொன்னாள். மனுஷன் மலைக்கு அந்தப் பக்கம் திருப்பத்தூர் வரை போய், யாரையோ பிடித்து, சாக்குமூட்டையில் ஒரு ஜோடி நரியோடு படவேடு பஸ்ஸில் வந்து இறங்கினான். கண்டக்டரிடம் ஆட்டுக்குட்டி என்று சொல்லி லக்கேஜ் டிக்கெட்டும் எடுத்திருந்தான்.

நரிகள் மயில் முட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேர்க்கடலையைத் தோண்டித் தின்றன.

அவற்றைக் கடலைக் கொல்லையிலிருந்து கிளப்ப, கறிக்கடையில் கோழிக்கழிவு வாங்கி ஓடையோரம் கொட்டினான். வாரக் கடைசியில் இரண்டு நரி பதினாறாகத் தெரிந்தது. அதற்குள் குட்டி போட்டு வளர்த்தும் விட்டதா என்று தலையைச் சொறிந்தான்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பக்கத்துக் கொல்லை வடிவேலு வரப்பில் நின்றார்.

"இன்னா மாமா, இந்நேரத்துக்கு?"

"நரி மூஞ்சில முழிச்சா நல்லதாச்சேப்பா."

அடுத்த நாள் எதிர்க் கொல்லை பூங்கோதை வந்தாள். அதற்கடுத்த நாள் ஏழு பேர். நரி வைத்த மிச்சத்தை ஊர் மிதித்துத் தீர்த்தது.

"வராதீங்கன்னு சொல்லேன்," என்றாள் மாணிக்கம்மாள்.

"சொன்னா, நரி இன்னா உன்னுதான்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது?"

அந்தச் சமயத்தில்தான் வனக்காப்பாளர் தீர்த்தகிரி கையில் நோட்டோடு வந்து நின்றார். ஜெயில் நிச்சயம். கேட்பதற்கு முன்பே வேடியப்பன் கையைக் கட்டிக்கொண்டான்.

"தப்புதாங்க சார். நான்தான் வுட்டேன். ஒரே ஒரு ஜோடிங்க. ஊர்க்காரங்க பாவம், முழிக்க வர்றாங்க. அவங்கள ஒண்ணும் பண்ணாதீங்க."

தீர்த்தகிரி பெருமூச்சு விட்டு, நோட்டில் எட்டாவதாக அவன் பெயரை எழுதினார்.

"முழிக்கவும் வரல, ஒண்ணும் வரலப்பா. அவங்கவங்க வுட்ட நரி பத்திரமா கீதான்னு பாத்துட்டுப் போக வர்றாங்க."