ஒட்டியாணமும் ஒன்றரை ஏக்கர் தக்காளியும்

தன் சொத்து எவ்வளவு என்று தெரியாதவரை மனிதனுக்கு நல்ல தூக்கம் வரும். தெரிந்த பிறகும் எனக்குத் தூக்கம் வந்தது. கூடவே கனவும் வந்தது. விழித்திருக்கும்போதும் வந்ததுதான் வம்பாகிவிட்டது.

நான் பாலக்கோட்டில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன். (இதைப் படித்து முடித்ததும் என் முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.) ஊரை ஒட்டி ஒன்றரை ஏக்கரில் தக்காளி. அந்த ஆடியில் தக்காளி விலை ஏறிய ஏற்றத்தில், மண்டிக்காரர்கள் என்னைப் பார்த்தால் எழுந்து நின்றார்கள்.

ஒரு மத்தியானம் மோட்டார் கொட்டகை நிழலில் படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் வந்தது. உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் உங்கள் குடும்பச் சொத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கலாமாம். என் வயதுக்காரன் என்றால் எனக்கு ஒரே ஆள்தான், குமார். பள்ளியில் ஒரே பெஞ்ச். பிறகு என் தங்கை மல்லிகாவைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையாகிவிட்டான். பெங்களூரில் கம்பெனி வேலை, லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் வீடு. வரும்போதெல்லாம் "எப்படிப் போவுது மச்சான்?" என்று கேட்பான். சாதாரணமாகத்தான் கேட்பான். எனக்கு மட்டும் அது பரீட்சை மார்க் கேட்பதுபோல இருக்கும்.

விவரங்களை நிரப்பினேன். நிலத்துக்கு, பைபாஸ் ரோடு வந்தால் என்ன விலையோ அதைப் போட்டேன். (பைபாஸ் இன்னும் வரவில்லை.) தக்காளிக்கு அன்று காலை மண்டி விலை. பழத்துக்கு மட்டுமா, காய், பிஞ்சு, பூ எல்லாவற்றுக்கும் அதே விலைதான். என் மனைவி கவிதாவின் நகையையும் சேர்த்தேன். 'கடன்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டேன். எங்கள் பக்கம் பயிர் வைக்கும்போது நகை கூட்டுறவு சொசைட்டிக்கு அடகாகப் போகும், அறுவடைக்குத் திரும்பி வரும். அதை யாரும் கடன் என்று சொல்வதில்லை. மாமியார் வீட்டுக்குப் போன பெண்ணைப் போலத்தான் பேசுவோம்.

உங்கள் வயதினரில் நீங்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள் என்றது போன்.

மல்லாந்து படுத்தேன். தக்காளிச் செடியின் பச்சை வாசம் காற்றில் மிதந்து வந்தது. மேகங்கள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒரு மேகத்தை வாங்கிப் போடலாம் என்றுகூடத் தோன்றியது. மாடியே இல்லாத என் வீட்டுக்கு அன்றைக்கு லிஃப்ட் வைத்தேன். கவிதா அதில் ஏறி மேலே போய்க்கொண்டே இருந்தாள், போய்ச் சேர இடம் இல்லாமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குமாரும் மல்லிகாவும் குழந்தைக்குக் காதுகுத்து என்று தட்டோடு அழைக்க வந்தார்கள். பொம்மிடி பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில் விசேஷம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். சீரும் தாய்மாமன்தான் கொண்டுபோக வேண்டும்.

"தோடு மட்டும் போதும் மச்சான். வேற எதுக்கும் சிரமப்படாதீங்க," என்றான் குமார்.

சிரமமா? முன்வரிசைக்காரனுக்கா?

"ஒட்டியாணம் போடறேன் மாப்ள," என்று போனில் அந்தக் கணக்கையும் காட்டினேன்.

சமையலறையில் கவிதா கையிலிருந்து ஏதோ ஒரு மூடி விழுந்து உருண்டது.

"கொழந்தைக்கு இன்னும் இடுப்பே வரலியேண்ணா," என்றாள் மல்லிகா.

"இடுப்பு வரும்போது வரட்டும்."

அவள் கண் கலங்கிவிட்டது. அவள் மாமியாருக்கு எப்போதும் 'கணக்கு எழுதறவரு தங்கச்சி' என்று ஒரு இளக்காரம் உண்டு. அன்றைக்கே போனில் அவரிடம் ஒட்டியாணத்தைச் சொல்லிவிட்டாள். அதன்பிறகு அது என் பேச்சு இல்லை, அவள் மானம். நானோ மேளத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மறுபடி கனவுக்குப் போய்விட்டேன்.

அதற்குள் எல்லா ஊர்த் தக்காளியும் ஒன்றாகச் சந்தைக்கு வந்துவிட்டது. விலை இறங்கியது. கடைசியில் பறிக்கிற கூலிக்குக்கூட அது கட்டவில்லை. மண்டிக்காரர்கள் உட்கார்ந்தபடியே பேசினார்கள்.

"ஏங்க, அந்த போன்ல கடன்னு கட்டமே இல்லீங்களா?" என்று கேட்டாள் கவிதா.

"இருந்துச்சு. காலியா வுட்டுட்டேன்."

"என் நக சொசைட்டில இருக்குது. அத வெச்சு நீங்க பணக்காரரு." வீட்டு ஆடுகளை விற்றுத் தோடு வாங்கியவளும் அவள்தான்.

விசேஷத்தன்று மேளம் முழங்க நாங்கள் வரிசைத் தட்டுகளோடு நடந்தோம். தட்டெல்லாம் பட்டுத்துணி மூடி கோபுரமாக இருந்தன. மல்லிகாவின் மாமியார் ஆசையோடு பெரிய தட்டின் துணியை விலக்கினார். தக்காளி. அடுத்த தட்டிலும் தக்காளி. மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள்.

"ஒட்டியாணம் எங்கீங்க?"

"வெல எறங்கிப் போச்சுங்க அத்தை," என்றேன்.

மல்லிகா என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். என் வெட்கத்தைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரியைப் பார்த்ததும் கோயிலே அதிர அழுதது. கையை வீசியதில் பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு பழம் அகப்பட்டது. அதைக் கடித்தது, சாறு என் வெள்ளைச் சட்டையில் வழிந்தது, அழுகை நின்றது. ஒரு காது குத்தியாயிற்று. இன்னொரு தக்காளி கொடுத்தோம், மறு காதும் ஆயிற்று. முதலில் சிரித்தவர் அந்த மாமியார்தான். அவர் சிரித்த பிறகு மல்லிகாவும் சிரித்தாள். ஆனால் பந்தியில் என் இலைக்கு மட்டும் ரசம் ஊற்றாமல் கடந்து போனாள்.

பக்கத்து இலையிலிருந்து குமார் குனிந்தான். "அந்தக் கணக்க நானும் போட்டுப் பாத்தேன் மச்சான். கடனையும் சேத்துப் போட்டேன். முன்னாடி மைனஸ் வருது."

"லிஃப்ட்?"

"அதுவும் பேங்க்கோடதுதாங்க."

தன் அப்பளத்தை உடைத்து என் இலையில் பாதி வைத்தான்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் தக்காளிக்குப் பேர் ஒட்டியாணம்தான். "வரும்போது அர கிலோ ஒட்டியாணம் வாங்கிக்கினு வாங்க," என்று கவிதா போனில் சொல்வாள், கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். போன வாரம் மல்லிகா கூப்பிட்டாள். இப்போது பள்ளிக்கூடம் போகிற குழந்தையிடம் மாமா என்ன செய்கிறார் என்று அங்கே கேட்டார்களாம்.

"எங்க மாமா தோட்டத்துல ஒட்டியாணம் காய்க்கும்னு சொல்லிட்டு வந்திருக்குதுண்ணா. டீச்சர் உன் நம்பரக் கேக்கறாங்க."