ஆறாயிரம் சனி

இந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். உயிரே போனாலும் சரி. அவன் வீடு மாறுகிறான். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அவனுடைய இரும்பு பீரோவை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் என்னைப் பார்த்திருக்கிறது.

காலையிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"கிளம்பலையா?" என்றாள் மனைவி.

"எங்க கிளம்புறது? நேத்து டெலஸ்கோப்புல சனியைப் பிடிச்சேன்ல?"

"நீங்க பிடிச்சீங்களா, அது உங்களைப் பிடிச்சுதா?"

"வீடியோவா பிடிச்சேன். மொத்தம் ஆறாயிரம் ஃப்ரேம். காத்து அசையுறதால ஒவ்வொண்ணுலயும் சனி நெளியுது. தெளிவா இருக்கிறதைப் பொறுக்கி, வளையத்து மேல வளையம் இம்மி பிசகாம அடுக்கணும். அப்பதான் ஒரே ஒரு நல்ல படம் தேறும். சாயங்காலம் ஆயிடும்."

"எல்லாம் கையாலயா?"

"கண்ணால! மெஷினுக்கு என்ன தெரியும்?"

பொய். கால் மணி நேரத்தில் இதை முடிக்கிற புரோகிராம் திரையின் மூலையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"சரி, பாருங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் திக்கென்றது. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேனா தேடுகிற சாக்கில் பார்த்தேன். தலை சீவிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தடவை போனால் ஆளையே காணோம். சமையலறை, பால்கனி, மாடிப்படி எல்லாம் தேடிவிட்டுப் பதறிக்கொண்டு திரும்பினால், என் நாற்காலியில் அவள்.

சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பார்க்கிறவள். கோணல் தையலை ஒரே புரட்டலில் தூர எறிகிற கை.

"ஏங்க, இங்க 'தரம் பிரி'ன்னு ஒரு பட்டன் இருக்கே?"

"அதைத் தொடாதே!"

தொட்டுவிட்டாள். நல்லது முன்னால், மட்டம் பின்னால் என்று ஆறாயிரமும் வரிசையில் நின்றன.

"முதல் அறுநூறு போதும். மிச்சம் ரிஜெக்ட்."

அடுத்த பட்டன். அறுநூறு சனியும் நெளிவதை நிறுத்தி, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்தன. வளையத்துக்கு நடுவே ஓடும் மெல்லிய கறுப்பு இடைவெளிகூடத் துல்லியமாகத் தெரிந்தது. நாலு மாதமாக எனக்குச் சிக்காத கோடு!

"பன்னிரண்டு நிமிஷம்" என்று எழுந்தாள். "பழைய சட்டையா போட்டுக்குங்க. துரு ஒட்டும்."

மூன்றாவது மாடியில் சொந்தக்காரர்கள் சனி படத்தைப் பார்க்க என் மனைவியின் போனைச் சுற்றி மொய்த்தார்கள். நான் இரண்டாவது மாடித் திருப்பத்தில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே. மேலேயிருந்து எட்டிப் பார்த்த மைத்துனன் கரிசனமாகச் சொன்னான்:

"மாமா, வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல நீங்களும் அக்காகிட்ட இதெல்லாம் கத்துக்கலாமே!"