விழிஞ்ஞம் ஐஸ் பாக்டரியில் ஓர் ஆரம்பசூரர்

வாசகரே, உலகில் வேலை செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், வேலையை ஆரம்பித்துக்கொண்டே இருக்கிறவர்கள் என்று ஓர் இனமும் உண்டு. ஆரம்பசூரர்கள். சோம்பேறிகள் என்று மட்டும் இவர்களைச் சொல்லிவிடாதீர்கள். மாடாய் உழைப்பார்கள், ஆரம்பிப்பதற்கு.

ஸ்ரீவராகத்து ஸ்ரீகண்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். விழிஞ்ஞம் மீன்பிடித் துறையில் ஓர் ஐஸ் பாக்டரிக்கு இன்ஜினியர். இரண்டாயிரத்து ஐந்தில் ஒருநாள் முதலாளி சத்தியநேசனிடம் போனார்.

"கம்பெனிக்காரன் சாப்ட்வேர் நமக்குக் கட்டுப்படியாகாது முதலாளி. ஓப்பன் சோர்ஸ் இருக்கு, சும்மாவே எடுத்துக்கலாம். ஐஸ் கேன் முங்கற உப்புத்தண்ணித் தொட்டி எவ்வளவு குளிர்ந்திருக்கு, கம்ப்ரசர் ஓடறதா, எல்லாம் மேஜையில இருந்தே பாக்கலாம், ஓட்டலாம், நிறுத்தலாம்."

"கொள்ளாம், நல்ல காரியம், தொடங்கும் சாரே" என்றார் முதலாளி. அந்த ஒரு சொல் போதாதா?

தொடங்கினார். பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸைப் போட்டார்; அது பழசு என்று இணையத்தில் யாரோ எழுதியிருக்கவே அழித்துவிட்டுப் புதுசைப் போட்டார்; கையேட்டின் முதல் அத்தியாயத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து பைண்டு பண்ணினார்; ஜெர்மனியில் இருக்கிற முகம் தெரியாத ஒருவரோடு, பொத்தான் பச்சையா நீலமா என்று மூன்று வாரம் மின்னஞ்சலில் மல்லுக்கட்டினார்; கடைசியில் திரையில் ஒரு தொட்டி வரைந்து, பக்கத்தில் சுழலும் கம்ப்ரசர் சக்கரம் வரைந்து, மேலே 'மைனஸ் எட்டு டிகிரி' என்று சிவப்பில் மின்ன வைத்தார். அந்த எண்? மென்பொருளோடு கூடவே வந்த மாதிரி எண். நிஜத் தொட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் இழுக்கிற வேலை மட்டும் பாக்கி. அதைப் போய்ப் பெரிதாகச் சொல்வார்களா?

முதலாளி தேங்காய் உடைத்தார். மணிக்கொரு தரம் தொட்டியில் தெர்மாமீட்டர் விட்டு நோட்டில் எழுதிவந்தவர் ஆபரேட்டர் சத்தியதாஸ். இனி அது எதற்கு என்று ஸ்ரீகண்டன் தெர்மாமீட்டரையும் நோட்டையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பத்து மாதம் திரை மைனஸ் எட்டிலேயே நின்றது. அரைப் புள்ளி ஏறவில்லை, இறங்கவில்லை. "பார்த்தேளா, என்ன ஸ்டெபிலிட்டி!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார்.

வள்ளங்கள் மீனை அள்ளிக்கொண்டு வந்த ஒரு காலையில் சத்தியதாஸ் ஓடிவந்தார்.

"சாரே, கம்ப்ரசர் பெல்ட் அறுந்து கெடக்கு. கேனெல்லாம் வெறும் வெள்ளம். ஒண்ணும் கட்டியாவல்ல."

ஸ்ரீகண்டன் திரையைப் பார்த்தார். சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது.

"ஓடறதே?"

"அது ஓடும் சாரே. மத்தது ஓடல்ல."

"மைனஸ் எட்டு இருக்கு, சத்தியதாஸ். மைனஸ் எட்டில கேன்ல தண்ணி தண்ணியாவே இருக்காது. சயின்ஸ்னு ஒண்ணு இருக்கோல்லியோ?" என்று, அறுந்த பெல்ட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்ற மனிதருக்குப் பொறுமையாக விளக்கினார்.

அதற்குள் மீன் வியாபாரி சுசீலாபாய் வந்துவிட்டாள். நாற்பது கட்டி ஐஸ் சொல்லிவைத்திருந்தவள்; இரண்டு வள்ளத்து மீன் கரையில் வெயிலில் கிடந்தது. நடந்ததைக் கேட்டாள். திரையை எட்டிப் பார்த்தாள்.

"நல்ல குளிருதான் சாரே. அந்தப் பெட்டிய கழட்டித் தாரும், மீனுக்க மேல வைக்கட்டு."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்ரீகண்டன் போய்த் தொட்டியில் கையை விட்டுப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் அளவுக்குக்கூட ஜில்லென்று இல்லை. மீனில் பாதி உப்பில் போனது, பாதி தென்னைக்கு உரமாகப் போனது. சுசீலாபாய் கரையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து அவருக்கும் நிஜமாகவே கண் கலங்கியது. வெட்கமாக இருந்தது. தப்பு எங்கே என்று ராத்திரி முழுக்க யோசித்தார். மறுநாள் காலை பாக்டரிக்கு வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மென்பொருளின் புதிய பதிப்பை இறக்கி, முதல் அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டார். வயரா? இழுக்கலாம், இழுக்கலாம். முதலில் திரையில் ஓர் அபாய மணி வரைய வேண்டாமா?

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் அலமாரியில், முப்பது நாளில் ஏதோ ஒரு பாஷை கற்றுத் தருகிற புத்தகம் ஒன்று நிற்குமே, அதன் ஆறாம் பக்கத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். தாள்கள் இன்னும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? அப்படியானால் ஸ்ரீகண்டனைக் கேலி பண்ணுகிற வேலையை நீங்களும் நானும் நாளையிலிருந்து ஆரம்பிக்கலாம்.