ஹீற்றர் போட்டு வந்த மாப்பிள்ளை

ஆரணி, இனியன், உங்கள் அம்மா சொல்லும் கதையை முழுக்க நம்பாதீர்கள். கலியாணத்தன்று எனக்குப் பயத்தில் வேர்க்கவில்லை. (கொஞ்சம் பயம் இருந்தது. அது வேறு.) நடந்ததை அப்பாவே எழுதிவைக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்; நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

அது 2012. சிட்னியின் செவன் ஹில்ஸில், றொன் என்ற வெள்ளைக்காரரின் கராஜில் மெக்கானிக்காக இருந்தேன். றொன்னிடம் பழைய அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. சிவப்பு நிறம். அதன் பெரிய எஞ்சினை 'பிக் பிளொக்' என்பார்கள். அது மட்டும் நாங்கள் சமைக்கும் குசினி அளவு வரும். ஸ்டார்ட் செய்தால் பக்கத்துக் கட்டட யன்னல்கள் நடுங்கும். அதற்கு ஒரே ஒரு வருத்தம்தான்: சூடு. சிக்னலில் கொஞ்சம் நின்றாலே கொதித்துவிடும்.

"உன்ர கலியாணத்துக்கு மாப்பிள்ளைக் கார் இதுதான். ஓடுறது நான்" என்றார் றொன். (அவர் பேசியது ஆங்கிலம். உங்கள் வசதிக்காக அவரை யாழ்ப்பாணத்தார் ஆக்கியிருக்கிறேன்.)

முகூர்த்தம் தை மாதத்தில். யாழ்ப்பாணத்தில் தை மாதம் போர்வை தேடுவோம். சிட்னியில் தை மாதம் ரோட்டுத் தார் உருகும். ஆகவே நான் ரேடியேற்றரைக் கழற்றி, துருவெல்லாம் போகக் கழுவினேன். புதுப் பெல்ட், புதுக் குழாய்கள் போட்டேன். உங்கள் அம்மா போனில், "கூறைச் சேலை சிவப்போ, மெரூனோ?" என்று கேட்டபோது, "பொறும், ஃபேன் சுத்துதோ எண்டு பாத்திட்டுச் சொல்லுறன்" என்றவன் நான். அப்படியும் என்னைக் கட்டினார்.

கலியாணக் காலை அன்ரிமார் வந்து காரை அலங்கரித்தார்கள். மாவிலை, செவ்வந்தி, அதற்கு மேல் தலையணை மொத்தத்தில் ஒரு மாலை. காரின் முன்பக்கக் கிறில் முழுக்க மறைந்துவிட்டது. நான் பார்த்தேன். றொன்னும் பார்த்தார். இருவரும் வாய் திறக்கவில்லை.

தோழனாக என்னோடு பின்சீட்டில் இருந்தவர் அம்மாவின் தம்பி, உங்கள் ரமேஷ் மாமா. பாதி வழி போகவில்லை. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறத் தொடங்கியது.

"றொன், ஹீற்றரைப் போடுங்கோ! ஃபுல்லாப் போடுங்கோ!" என்று கத்தினேன்.

"அத்தான், ஆர் யூ சீரியஸ்? வெளியில நெருப்பா எரியுது!"

"எஞ்சின்ர சூட்டை ஹீற்றர் உள்ளுக்கு இழுக்கும் தம்பி. எஞ்சின் தப்பும்."

"அப்ப நாங்கள்?"

நான் சால்வை நுனியால் விசிறிக்கொண்டேன். தலைப்பாகை, பட்டு வேட்டி, பட்டுச் சால்வை, அதற்கு மேல் ஹீற்றர். நெற்றிச் சந்தனம் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. அந்த நேரம் பார்த்து ரமேஷ் மாமாவின் போனில் உங்கள் தாத்தா, அம்மாவின் அப்பா: "எங்க நிக்கிறியள்? முகூர்த்தம் தப்பினால் இண்டைக்குத் தாலி இல்லையெண்டு ஐயர் சொல்லுறார். பிள்ளை மணவறையைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள்!"

ஹீற்றரும் போதவில்லை. கலியாணம் நடக்கும் மேய்ஸ் ஹில் கோயிலுக்குக் கிட்ட வந்துவிட்டோம். முன்னால் குபுகுபுவென்று வெள்ளை ஆவி. றொன் ஓரமாக நிறுத்தினார். நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். காரின் முன்னால் போய் நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது. ரேடியேற்றருக்குக் காற்றுப் போகும் வழி அந்தக் கிறில். அங்கே ஒரு விரல் நுழைய இடமில்லை. வாரக்கணக்காகக் குழாய் மாற்றிவிட்டு, மூச்சு விடும் வாயைப் பூவால் அடைக்க விட்டிருக்கிறேன்!

"றொன், நீங்கள் இதைக் காணேல்லையோ?"

"கண்டனான். உங்கட சாமி விஷயமெண்டு கைவைக்கேல்லை. நீ மெக்கானிக்தானே, நீயேன் சொல்லேல்லை?"

"உங்கட கார். நீங்களே பேசாமல் நிக்கேக்க சரியாத்தான் இருக்குமெண்டு நினைச்சன்."

ரமேஷ் மாமா சிரித்துச் சிரித்து நடைபாதையிலேயே குந்திவிட்டார்.

மாலையை அவிழ்த்தோம். அன்ரிமார் கட்டியதை ரோட்டில் எறிய மனம் வரவில்லை. றொன்னின் கழுத்தில் போட்டோம். (பொருத்தமாகத்தான் இருந்தது.) கொஞ்சம் ஆறவிட்டு, ஹீற்றரோடேயே கிளம்பினோம். முள் மெதுவாக இறங்கியது. நான் வேர்வையில் இன்னும் நனைந்தேன்.

கோயில் வாசலில் நாதஸ்வரம் தொடங்கியது. முன்கதவு திறந்து, கழுத்து நிறைய மாலையோடு றொன் இறங்கினார். பின்கதவால், குளத்தில் விழுந்து எழும்பியவன் போல நான். ஆலாத்தித் தட்டோடு நின்ற அன்ரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி ரமேஷ், இதில ஆர் மாப்பிள்ளை?"

முகூர்த்தம் தப்பவில்லை. தாலி கட்டக் குனிந்தபோது உங்கள் அம்மா மெல்லக் கேட்டார்: "வெளியில மழையோ?"

இன்றைக்கும் எந்தக் கலியாணவீட்டுக்குப் போனாலும், "இதில ஆர் மாப்பிள்ளை?" என்று என்னைப் பார்த்துக் கேட்க ஒருவர் இருக்கிறார். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ஆனால் ஒன்று உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உடுப்பு மாற்றும் சாக்கில் தனியாகக் கார் நிற்கும் இடத்துக்குப் போனேன். எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. ரேடியேற்றரில் ஒட்டியிருந்த செவ்வந்தி இதழ்களை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தேன். மூடியைத் திறந்து, குறைந்த தண்ணீரை விளிம்பு வரை நிரப்பினேன். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தக் கிறிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.