சோத்துக்கை வரவில்லை

சந்தேகப்படுவதைப் புத்திசாலித்தனம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. (பால்காரரை நான் பார்க்கும் பார்வையில் அது இன்னும் மிச்சமிருப்பதாக வீட்டில் சொல்கிறார்கள்.)

இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பித்த சமயம். தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு கடலை உடைக்கும் ஆலையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். இண்டர்மீடியட் பாஸ், அங்கே சட்டம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேலையில் அடிபட்டவர் இரண்டு நாளைக்குள் திரும்பி வர முடியாவிட்டால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு அறிவிக்க வேண்டும், வந்துவிட்டால் வேண்டியதில்லை. அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: அடிபடுகிறவன் எவனும் ஆலையை மாட்டிவிட வேண்டுமென்றே மூன்றாம் நாள்வரை படுத்துக்கொள்வான்.

மிஷினில் கடலை கொட்டும் மாரியப்பனின் வலது கை விரல்கள் இரண்டு பெல்ட்டில் சிக்கி நசுங்கின. (ரத்தத்தையே சந்தேகப்பட்டேன். வெற்றிலைச் சாறாக இருக்கலாமே!)

மறுநாள் அவன் ஊருக்குப் போய், வீட்டை ஒட்டிய ஆமணக்குச் செடிகளுக்குள் ஒளிந்து பார்த்தேன். மாரியப்பன் இடது கையால் களியைத் தடுமாறித் தின்றுகொண்டிருந்தான். யாரும் பார்க்காதபோதும் நடிக்கிறானே என்று வியந்தேன்.

"யாருங்க அது, ஆமணக்குக்குள்ள?" என்றாள் அவன் மனைவி.

"ஆடு... ஆடு ஒண்ணு காணோம்."

"கிளார்க்கய்யாவுக்கு ஏதுங்க ஆடு?"

மாட்டிக்கொண்டதால் அதிகாரத்தைக் காட்டினேன். "நாளைக்குக் காலையில வந்து சும்மா குந்தினாப் போதும் மாரியப்பா. வரலைன்னா வேற ஆள் போட்டுடுவாங்க."

"கைய அசைக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காருங்க" என்றாள் அவள். அந்த டாக்டரையும் சந்தேகப்பட்டேன்.

காலையில் மாரியப்பன் வந்தான். கடலைக் குவியலருகே உட்கார வைத்து, கட்டுப்போட்ட கையைச் சாக்கால் மூடினேன். ஆள் வேலைக்கு வந்தாயிற்று, அறிவிக்க வேண்டியதில்லை!

மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். (யார் வரவழைத்தது என்று இன்றுவரை நாலைந்து பேர் மேல் சந்தேகம்.) நேராக மாரியப்பன் முன்னால் நின்று, "கொஞ்சம் கடலை எடு, பார்க்கலாம்" என்றார்.

மாரியப்பன் இடது கையால் நீட்டினான்.

"ஏய், ஐயாவுக்கு எடது கையிலயா குடுக்கற?" என்று அவரோடு வந்த பியூன் பாய்ந்தார்.

"அவனுக்கு எடது கைப் பழக்கம் சார்!" என்று நானும் பாய்ந்தேன்.

மாரியப்பன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "இல்லீங்க சாமி. நான் வேலைக்கு வந்துட்டனுங்க. சோத்துக்கைதான் இன்னும் வரலீங்க."

இன்ஸ்பெக்டர் சாக்கை விலக்கினார். கட்டு புது ரத்தத்தில் நனைந்து, மேலே கடலைத் தூசி அப்பியிருந்தது. என் பக்கம் திரும்பி, "நீ படிச்சவனா?" என்றார்.

"இண்டர்மீடியட் சார்" என்றேன், பெருமையாக.

அங்கேயே என்னை அறிக்கை எழுத வைத்துவிட்டு, மாரியப்பனைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தூசியில் புண் பழுத்து ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அசைக்காமல் வைத்திருந்தால் தங்கியிருக்கும் என்றார் டாக்டர். அதை நான் சந்தேகப்படவில்லை.

என் கல்யாணத்துக்கு மாரியப்பன் வந்தான். பந்தலில் எல்லாரும் பார்க்க, தேங்காயை இடது கையால் நீட்டினான். மாமனார் முகம் சுளித்தார். நான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

ஏன் என்று மனைவி கேட்டாள், சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இன்று என் பேரன்களை எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும், "நான் வந்துட்டனுங்க, சோத்துக்கைதான் வரலீங்க" என்கிறார்கள். நான் பால்காரரை உற்றுப் பார்த்தால் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள்:

"ஆடு கெடச்சுதுங்களா?"