மூடி இல்லாத மெஷினும் முழு மன அமைதியும்

மனித குலத்தின் துயரங்களுக்கெல்லாம் முடிவு கட்டிய இடம் எதுவென்று வருங்காலச் சரித்திரம் தேடினால், அது எங்கள் டப்பா மூடித் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் வந்து நிற்கும். மாற்ற முடியாததை மனமார ஏற்றுக்கொள்ளும் கலை அங்கேதான் போதிக்கப்பட்டது. ஏற்பாடு, மனிதவள அதிகாரியாகிய அடியேன்.

காரணம் ஒரு 'சிறு சம்பவம்'. பிரஸ் மெஷினில் தகரம் வெட்டும் அக்காவின் ஆள்காட்டி விரல் தகரத்தோடு போய்விட்டது. ஊருக்கெல்லாம் மூடி செய்யும் எங்களிடம் அந்த மெஷினுக்கு மட்டும் கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி மூடி கிடையாது. கட்டுப் போட்ட கையோடு அக்கா என்னிடம் வந்தார்.

"இன்னொருத்தி கை போறதுக்குள்ள அந்த மூடியப் போட்டுடுங்க சார்."

முதலாளியிடம் சொன்னேன். உருகிவிட்டார்.

"பாவம்யா, அந்தம்மாவுக்கு மனசு சரியில்ல. ஏதாவது பண்ணணும்."

"மூடி போட்டுடலாமா சார்?"

"போட்டா வேகம் குறையும். மனசுக்கு ஏதாவது பண்ணுய்யா."

உடனே 'வாழ்வியல் வழிகாட்டி' ஒருவர் வரவழைக்கப்பட்டார். வெள்ளை உடை, துடைத்தாலும் போகாத புன்னகை. எல்லோரையும் கண்களை மூடச் சொன்னார். திறந்திருந்தால் ஆபத்தானவற்றில் எங்கள் தொழிற்சாலை உடனே மூடியது அந்தக் கண்களை மட்டும்தான்.

"போனது வராதும்மா. ஏத்துக்குங்க" என்றார் வழிகாட்டி.

"விரல் போனத ஏத்துக்கிட்டேன் சார். மூடி எப்ப வரும்?"

"பாத்தீங்களா, மறுபடியும் வெளிய தேடறீங்க. எல்லாம் உள்ளேதாம்மா இருக்கு."

"உள்ள விட்டுத்தான் சார் போச்சு."

கூடம் சிரித்தது. 'மன இறுக்கம் தளர்கிறது' என்று வழிகாட்டி மகிழ்ந்தார்.

"சரி, அந்த மூடிய உங்களால போட முடியுமா?"

"என்னால எப்படி சார் முடியும்? அவங்க போடணும்."

அக்கா முன்வரிசையில் இருந்த முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார்.

"உங்களால முடியாதில்ல? அப்ப அது மாத்த முடியாதது!" என்றார் வழிகாட்டி.

என்ன தெளிவு! கைதட்டலை நான்தான் தொடங்கி வைத்தேன். அக்காவால் தட்ட முடியவில்லை, கட்டு. எழுந்து நின்றார்.

"மூடி வர்ற வரைக்கும் நான் அந்த மெஷின்ல உட்கார மாட்டேன். அத நீங்க ஏத்துக்குங்க சார்."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்களேன்" என்றார். நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை, கிள்ள விரல் இருந்தும்.

இது முதலாளிக்கு 'மாற்ற முடிந்த' வகையைச் சேர்ந்ததாக இருந்தது. மறுநாளே ஆளை மாற்றிவிட்டார். அக்கா கட்டுக் கையால் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியேறினார்.

அந்த இடத்துக்கு இப்போது கல்யாணமாகாத ஒரு பெண் வந்திருக்கிறாள். நாங்களும் அனுபவத்தில் பாடம் படித்திருக்கிறோம். விரல் போன பிறகு ஏற்றுக்கொள்ளும் பயிற்சி கொடுப்பது மனிதாபிமானமற்ற தாமதம். ஆகவே அவளுக்கு வேலையில் சேர்ந்த அன்றே, பத்து விரலும் இருக்கும்போதே, கொடுத்துவிட்டோம்.